ஒரு குளிர்ச்சட்டையின் விலை

இத்தாலியின் வடக்கு மூலையில் ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் கியசா வால்மலென்கோ என்று ஒரு சிறிய ஊர். 1988 ஜூன் மாதம் அந்த ஊரின் பனிச்சறுக்குக் கடைகளில் ஒரு விசித்திரமான வியாபாரம் நடந்தது. கோடை பிறந்துவிட்டது, சறுக்க வருகிறவர்கள் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் இரண்டு அமெரிக்கர்கள் உள்ளே வந்து தடித்த கையுறை, கம்பளித் தொப்பி, கதகதப்பான உடுப்பு என்று கடையில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் பனிச்சறுக்குக்காரர்கள் அல்ல. சைக்கிள் பந்தயக்காரர்களின் மேலாளர்கள்!

ஒருவர் பெயர் ஜிம் ஓச்சோவிச். மற்றவர் மைக் நீல். இருவரும் 'செவன் இலெவன்' என்ற அணியைச் சேர்ந்தவர்கள். பெயரைப் பார்த்தால் மளிகைக் கடை போல் இருக்கிறதே என்றால், ஆமாம், மளிகைக் கடையேதான். அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு இருக்கும் அந்தக் கடைச் சங்கிலிதான் அணிக்குப் பணம் கொடுத்தது. ஐரோப்பியர்கள் கொஞ்சம் இளக்காரமாகத்தான் இவர்களைப் பார்த்தார்கள். சைக்கிள் பந்தயம் என்றால் பிரெஞ்சுக்காரன், இத்தாலிக்காரன், பெல்ஜியக்காரன் என்றிருந்த காலம் அது. பேஸ்பால் ஆடுகிறவர்களுக்கு இங்கே என்ன வேலை?

அன்றைய கடைச் செலவு எவ்வளவு ஆயிற்றோ, அதற்குக் கிடைத்த பலன் சைக்கிள் உலகத்தின் மூன்று பெரிய சுற்றுப் பந்தயங்களில் ஒன்று. அது எப்படி என்று பார்க்கும் முன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழில் 'ஜாக்கெட்' என்றால் தையற்கடையும் புடவையும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆகவே இங்கே குளிர்ச்சட்டை என்றே வைத்துக்கொள்வோம்.

குளிரில் சைக்கிள் ஓட்டுவதில் உள்ள பிரச்சினை குளிர் மட்டுமல்ல. குளிர் மட்டும் என்றால் நாலு கம்பளியைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். மனித உடம்பு ஓர் உதவாக்கரை இன்ஜின். தின்ற சோற்றில் கால் பங்கு, அல்லது அதற்கும் குறைவுதான் பெடலுக்குப் போகிறது. மிச்சம் முழுக்க வெப்பம். 250 வாட் சக்தியில் மலையேறுகிற பந்தயக்காரர், அதைப்போல மூன்று நான்கு மடங்கு வெப்பத்தை உடம்பிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருப்பார். ஓர் அறை ஹீட்டருக்குச் சமம். அதனால் மலையேறும்போது பனி பெய்தாலும் வியர்த்துக் கொட்டும்.

உச்சி வந்ததும் கதை தலைகீழாகிறது. இறக்கத்தில் மிதிக்க வேண்டியதில்லை, ஹீட்டர் அணைந்துவிடும். ஆனால் வேகம் மணிக்கு 60, 70 கி.மீ. ஆகிவிடும். காற்றில்லாத இடத்தில் வெப்பநிலை 0 டிகிரி என்றால், 60 கி.மீ. வேகக் காற்றில் தோலுக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 9 டிகிரி போல் படும் என்று கனடா வானிலைத் துறை பயன்படுத்தும் சூத்திரம் சொல்கிறது. இது உலர்ந்த தோலுக்கான கணக்கு. வியர்வையில் ஊறிய சட்டையோடு இறங்குகிறவன் கதி இதைவிட மோசம்.

ஆக, வேண்டிய சட்டை எப்படி இருக்க வேண்டும்? காற்றை உள்ளே விடக்கூடாது. மழையை உள்ளே விடக்கூடாது. ஆனால் வியர்வையை மட்டும் வெளியே விட வேண்டும். ஏறும்போது மடித்துப் பையில் வைக்கும் அளவுக்கு லேசாக இருக்க வேண்டும். இறங்கும்போது காற்றில் பாய்மரம் போல் உப்பக்கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இந்தக் கோரிக்கைகளை ஒரே துணி நிறைவேற்ற நூறு ஆண்டுகள் ஆயின. இன்றைக்கும் முழுசாக நிறைவேறியதாகச் சொல்ல முடியாது.

முதலில் கம்பளி வந்தது. 1878இல் இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரில் தொடங்கிய சைக்கிள் பயணிகள் சங்கம் தன் உறுப்பினர்களுக்குக் கம்பளித் துணியில் சீருடையே வைத்திருந்தது. அதே காலத்தில் ஜெர்மனியில் குஸ்தாவ் யேகர் என்ற விலங்கியல் பேராசிரியர், மனிதன் உடம்பில் விலங்கு ரோமத்தைத்தான் போட வேண்டும், பருத்தி போன்ற தாவர நார் உடம்புக்கே ஆகாது என்று ஊரெல்லாம் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். (பருத்தி வேட்டி கட்டிய நம் பாட்டன்மார் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.) அவர் சொன்ன காரணங்கள் பலவும் தவறு. ஆனால் சைக்கிள்காரர்களைப் பொறுத்தவரை முடிவு சரிதான். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். கம்பளி அப்படிச் செய்வதில்லை.

மழைக்கு என்ன செய்தார்கள்? 1823இலேயே கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி மழைக்கோட்டுக்கு உரிமம் வாங்கியிருந்தார். மழை உள்ளே வராது. ஆனால் வியர்வையும் வெளியே போகாது. அரை மணி மிதித்தால் உள்ளே இருப்பவன் வெந்த இட்லி ஆகிவிடுவான். மழையில் நனைவதா, வியர்வையில் நனைவதா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

கம்பளிச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு பனியில் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1910 ஏப்ரல் 3 சாட்சி. மிலான் நகரில் தொடங்கி கடற்கரை ஊரான சான் ரெமோவில் முடியும் பந்தயம். கிட்டத்தட்ட 290 கி.மீ. வழியில் துர்கீனோ என்ற கணவாய். அதில் பனி குவிந்து கிடந்தது. யூஜீன் கிறிஸ்தோஃப் என்ற பிரெஞ்சுக்காரர் குளிரில் வயிறு பிசைந்து, கைகால் விறைத்து வழியோரம் நின்றுவிட்டார். அந்தப் பக்கம் வந்த ஒருவர் அவரைப் பக்கத்துச் சத்திரத்துக்கு அழைத்துப் போனார். சத்திரக்காரர் நனைந்த துணியைக் கழற்றிப் போர்வையைச் சுற்றிவிட்டார். அங்கேயே கணப்பு அருகில் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கிறிஸ்தோஃப் ஓர் உலர்ந்த கால்சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு மீண்டும் கிளம்பினார். முன்னே போனவர்களையெல்லாம் பிடித்தார். பன்னிரண்டரை மணி நேரம் ஓட்டி ஜெயித்தார்.

அறுபதுக்கும் மேற்பட்டோர் கிளம்பிய பந்தயத்தில் முடித்தவர்கள் என்று கணக்கில் வந்தவர்கள் நான்கே பேர். ஜெயித்தவர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தார். பழைய உடம்பு திரும்ப இரண்டு வருடம் பிடித்தது. ஒரு கடன் கால்சட்டை அவருக்கு வெற்றியை வாங்கித் தந்தது; ஒரு நல்ல மேற்சட்டை இருந்திருந்தால் அந்த இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

இதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. பந்தயக்காரர்களின் குளிர் கவசம் என்ன தெரியுமா? செய்தித்தாள்! மலை உச்சியில் நிற்கும் ரசிகர்கள் நாளிதழை நீட்டுவார்கள். ஓட்டுகிறவர் அதை வாங்கி மடித்து, சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு இறங்குவார். காற்றைத் தடுக்கும், வியர்வையை உறிஞ்சும், கீழே போனதும் தூக்கி எறிந்துவிடலாம். விலையும் காசுக் கணக்கு. இத்தாலியச் சுற்றுப் பந்தயமான ஜிரோவை நடத்துவதே 'லா கசெத்தா தெல்லோ ஸ்போர்ட்' என்ற செய்தித்தாள். அது இளஞ்சிவப்புத் தாளில் அச்சாகும். அதனால்தான் பந்தயத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கு 1931 முதல் இளஞ்சிவப்புச் சட்டை. வெளியே ஓர் இளஞ்சிவப்பு, உள்ளே ஓர் இளஞ்சிவப்பு என்று இறங்கியவர்களும் இருந்திருப்பார்கள்.

இதில் தொழில்நுட்பம் இல்லாதது மட்டும் காரணமல்ல. கௌரவம் என்று ஒன்று இருந்தது. குளிருக்கு அஞ்சிப் போர்த்திக்கொள்பவன் பந்தயக்காரனே அல்ல என்ற எண்ணம். பத்திரிகைகளும் அதைத்தான் வளர்த்தன. எவன் அதிகம் கஷ்டப்படுகிறானோ அவனைப் பற்றித்தானே அதிகம் எழுத முடியும்! 1956 ஜூன் 8 அன்று ஜிரோவில் மொந்தே பொந்தோனே மலை மேல் பனிப்புயல் அடித்தது. கிட்டத்தட்டப் பாதிப் பேர் விலகினார்கள். இளஞ்சிவப்புச் சட்டையில் இருந்த பஸ்குவாலே ஃபொர்நாராவும் விலகிவிட்டார். லக்சம்பர்க்கைச் சேர்ந்த சார்லி கோல் மட்டும் அரைக்கைச் சட்டையோடு ஏறிக்கொண்டே இருந்தார். காலையில் தலைவரைவிடக் கால் மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கி இருந்தவர், மாலையில் பந்தயத்தின் தலைவர். உச்சியில் அவரைச் சைக்கிளிலிருந்து தூக்கி இறக்க வேண்டியிருந்தது. உடம்போடு உறைந்த சட்டையை வெட்டித்தான் எடுத்தார்கள். அந்தப் படம் இன்றும் வீரத்தின் படமாகவே காட்டப்படுகிறது. வெட்டி எடுக்க வேண்டியிருந்தது என்பது அந்தச் சட்டைக்கு நல்ல சான்றிதழ் இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

1980 ஏப்ரல் 20. பெல்ஜியத்தில் லியேஜ்–பஸ்தோன்–லியேஜ் பந்தயம், 244 கி.மீ. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பனி பெய்யத் தொடங்கிற்று. பிரெஞ்சுக்காரர் பெர்னார் இனோ அப்போது உலகத்தின் தலைசிறந்த பந்தயக்காரர். அவரே நடுவழியில் விலகிவிடலாமா என்று யோசித்தார். மழை அங்கியைப் போர்த்திக்கொண்டுதான் ஓட்டினார். அவருடைய அணி மேலாளர் சிரில் கிமார் காரில் பக்கத்தில் வந்து, அங்கியைக் கழற்று, இனிமேல்தான் பந்தயம் தொடங்குகிறது என்று அதட்டினார். இனோ கழற்றினார். முடிய 80 கி.மீ. இருக்கும்போது தனியாகப் பாய்ந்தார். இரண்டாவதாக வந்த ஹென்னி கைப்பர் 9 நிமிடம் 24 விநாடி பின்னால். 174 பேர் கிளம்பியதில் முடித்தவர்கள் 21 பேர்.

அன்று அவர் வலது கையின் இரண்டு விரல்கள் குளிரில் கெட்டுப்போயின. முழு உணர்வு பிறகு திரும்பவே இல்லை. குளிர் காலம் வந்தால் அந்த விரல்கள் வலிக்கும் என்று பல ஆண்டுகள் கழித்தும் அவர் சொல்லியிருக்கிறார். ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் வென்றவருக்கு அன்றைக்கு ஒரு ஜோடி நல்ல கையுறை இல்லை!

இப்போது மீண்டும் 1988க்கு வருவோம்.

காவியா கணவாய். பெயர் என்னவோ நம்மூர்ப் பெண்பிள்ளை பெயர் போல் அழகாகத்தான் இருக்கிறது. உயரம் 2,600 மீட்டருக்கும் மேல், அதாவது ஊட்டி தொட்டபெட்டாவோடு கிட்டத்தட்டச் சமம். ஆனால் இது ஆல்ப்ஸ். ஜூன் மாதத்திலும் அங்கே பனி நிற்கும். அப்போது பாதையின் பெரும்பகுதி தார் போடாத மண் சாலை. சில இடங்களில் ஏற்றம் 16 சதவீதம். 1966இல் ஜிரோவை வென்ற ஜியானி மோத்தா, இந்த மலையில்தான் உங்கள் பையனுக்கு வாய்ப்பு என்று அமெரிக்கர்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். அந்தப் பையன் ஆண்டி ஹாம்ஸ்டன். ஒல்லியான உடம்பு, மலையேற்றத்தில் கெட்டி.

ஜூன் 5 காலையில் அடிவாரத்தில் மழை. மேலே பனி. பந்தய இயக்குநர் வின்சென்சோ தொரியானி, சாலையில் பனியை ஒதுக்கியாயிற்று, போகலாம் என்று சொல்லிவிட்டார். மற்ற அணிகள் வழக்கம்போல் கிளம்பின. அமெரிக்கர்கள் மட்டும் கடைக்குப் போனார்கள். வாங்கியதைப் பைகளில் போட்டு, சூடான இனிப்புத் தேநீரையும் சேர்த்து, உச்சிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ஆட்களை நிறுத்தினார்கள். ஹாம்ஸ்டன் காலையிலேயே உடம்பெங்கும் லனோலின், அதாவது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பை, அப்பிக்கொண்டார். நீச்சலில் ஆழத்துக்குப் போகிறவர்கள் போடும் நியோப்ரீன் கையுறை மாட்டிக்கொண்டார். அது நனைந்தாலும் சூடு விடாது.

ஏற்றத்தில் அவர் தாக்கினார். ஒவ்வொருவராகப் பின்னுக்குப் போனார்கள். வழியில் தொப்பி போடலாம் என்று தலையைத் தடவினால் முடியில் சேர்ந்திருந்த பனி உருண்டையாக உருண்டு முதுகுக்குள் இறங்கிற்றாம்! உச்சி நெருங்கியபோது வேகத்தைக் குறைத்து, காத்திருந்த பையை வாங்கி, மழைச்சட்டையை மாட்டிக்கொண்டார். பந்தயத்தில் தலைமையைப் பிடிக்கப் போகிற நேரத்தில் ஒரு சட்டைக்காக விநாடிகளை விட்டுக்கொடுப்பது அந்தக் காலத்தில் சாதாரண முடிவு அல்ல.

அவருக்கு முன்னால் உச்சியை அடைந்தவர் டச்சுக்காரர் யோஹான் ஃபான் டெர் வெல்டே. அரைக்கைச் சட்டை, தலையில் ஒன்றும் இல்லை. முதலாவதாகக் கடந்தார், கைதட்டல் வாங்கினார், இறக்கத்தில் இறங்கினார். கொஞ்ச தூரம்தான். உடம்பு கட்டுப்பாட்டை மீறி நடுங்க, நின்றுவிட்டார். ஒரு வண்டிக்குள் ஏறிச் சூடு தேடி உட்கார்ந்துவிட்டார். கடைசியில் முடிவிடத்துக்கு வந்து சேர்ந்தபோது முக்கால் மணி நேரத்துக்கும் மேல் தாமதம். மலையின் ராஜாவாக உச்சியில் இருந்தவர், மாலையில் பட்டியலின் அடியில்.

ஹாம்ஸ்டனுக்கும் இறக்கம் சுகமாக இல்லை. கியர் பெட்டியில் பனி உறைந்து ஒரே ஒரு பல்சக்கரம்தான் வேலை செய்தது. சங்கிலி உறையாமல் இருக்க மிதித்துக்கொண்டே இருந்தார். ஒரு முறை குனிந்து கால்களைப் பார்த்தார். செக்கச் சிவப்பாக, மேலே பனிக்கட்டி படிந்து இருந்தன. அதன்பின் கீழே பார்ப்பதையே நிறுத்திவிட்டார். போர்மியோ நகரம் நெருங்கும்போது டச்சுக்காரர் எரிக் பிரூகிங்க் பின்னாலிருந்து வந்து கடந்து போனார். அன்றைய கட்டத்தை பிரூகிங்க் 7 விநாடியில் வென்றார். ஆனால் இளஞ்சிவப்புச் சட்டை ஃபிராங்கோ கியோச்சோலியிடமிருந்து ஹாம்ஸ்டனுக்கு வந்தது. பிறகு அது போகவே இல்லை. மொத்தப் பந்தயத்திலும் பிரூகிங்கை 1 நிமிடம் 43 விநாடியில் முந்தி, ஜிரோவை வென்ற முதல் அமெரிக்கர் ஆனார். இன்றுவரை அவர் ஒருவர்தான்.

முடிவிடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பெரிய பெரிய வீரர்கள் குழந்தைபோல் அழுதார்கள். சிலரைச் சைக்கிளிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அன்று யாரும் சாகவில்லை என்பது ஏற்பாட்டின் பெருமை அல்ல, அதிர்ஷ்டம்.

மற்ற அணிகளுக்கு அந்தக் கடை திறந்திருக்கவில்லையா? திறந்துதான் இருந்தது. பணம் இல்லையா? இருந்தது. அமெரிக்கர்களுக்கு மட்டும் ஏன் தோன்றிற்று என்றால், அவர்களுக்குக் காப்பாற்ற வேண்டிய பழைய கௌரவம் ஒன்றும் இல்லை. பனிச்சறுக்குக்காரன் தொப்பியைப் போட்டால் சிரிப்பார்களே என்ற வெட்கம் இல்லை. ஹாம்ஸ்டன் வளர்ந்ததே குளிருக்குப் பெயர்போன வடக்கு டகோட்டா மாநிலத்தில்!

இதற்குள் துணி உலகம் தன் வழியில் மாறிக்கொண்டிருந்தது. 1969 அக்டோபரில் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பாப் கோர் என்பவர், டெஃப்லான் என்று நம் தோசைக்கல்லில் பூசியிருக்கும் அந்தப் பொருளின் சூடான கம்பிகளை நீட்ட முயன்றுகொண்டிருந்தார். மெதுவாக இழுத்தால் கொஞ்சம் நீண்டு முறிந்துவிடும். எத்தனையோ தடவை பார்த்து வெறுத்துப்போய் ஒரு கம்பியை வெடுக்கென்று இழுத்தார். முறியவில்லை. பல மடங்கு நீண்டது! உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். ஒரு துளை நீர்த்துளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது, ஆனால் நீராவி மூலக்கூறைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. மழைத்துளி நுழையாது, வியர்வை ஆவி வெளியேறும். மெக்கின்டாஷ் விட்டுச்சென்ற நூற்றைம்பது வருடப் பழைய கேள்விக்கு இதுதான் விடை. பெயர் கோர்-டெக்ஸ்.

(ஜான் குரோப்பர் என்ற நியூசிலாந்துக்காரர் இதற்குச் சில ஆண்டுகள் முன்பே இப்படிப்பட்ட ஒன்றைத் தயாரிக்க இயந்திரம் செய்திருந்தார். ஆனால் அதைத் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்துவிட்டார். வழக்கு வந்தபோது அமெரிக்க நீதிமன்றம், பூட்டி வைத்தவரை விட வெளியே சொன்னவர் பக்கம்தான் நின்றது. காப்புரிமை பற்றிப் படிக்கும் சட்ட மாணவர்களுக்கு இது இன்றும் பாடம்.)

முதலில் 1976இல் ஒரு கூடாரமாகக் கடைக்கு வந்த அந்தத் துணி, எண்பதுகளில் சைக்கிள் சட்டையாகவும் வந்தது. ஆனால் பந்தயக்காரர்கள் உடனே தழுவிக்கொள்ளவில்லை. முறுமுறுவென்றிருக்கும், இறக்கத்தில் படபடக்கும். மலையில் நடப்பவன் விடும் வியர்வை வேறு, வேகமாகச் சைக்கிள் மிதிப்பவன் விடும் வியர்வை வேறு. எந்த நுண்துளையும் அவ்வளவையும் கடத்திவிடாது.

விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2010 வாக்கில் செர்வேலோ அணியைச் சேர்ந்த ஜெரார்ட் ஃப்ரூமன், தங்களுக்குச் சட்டை செய்து கொடுத்த இத்தாலிய நிறுவனமான கஸ்தெல்லியிடம் ஒரு வினோதமான யோசனை சொன்னார். மழைக்கோட்டு வேண்டாம். பந்தயச் சட்டையையே மழைத்துணியில் தைத்துக் கொடுங்கள், உடம்போடு ஒட்டி, அரைக்கையாக. அரைக்கையில் மழைச்சட்டையா என்று தோன்றும். ஆனால் கணக்கு சரியாக இருந்தது. துணி முழு நீர்த்தடை இல்லை. காற்றைத் தடுத்து, மழையைப் பெரும்பாலும் தடுத்து, நீள்கிற துணி. கொஞ்சம் நனைந்தால் பரவாயில்லை, சூடு போகாமல் இருந்தால் போதும் என்பதுதான் அதன் தத்துவம். 'காபா' என்று பெயர் வைத்தார்கள்.

2013 மார்ச் 17 அன்று மீண்டும் மிலான்–சான் ரெமோ. மீண்டும் துர்கீனோ. மீண்டும் பனி! கிறிஸ்தோஃப் சத்திரத்தில் ஒதுங்கி 103 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த முறை ஓவாதா என்ற ஊரில் பந்தயத்தை நிறுத்தி, எல்லோரையும் பேருந்தில் ஏற்றி, கணவாயைத் தாண்டிக் கடற்கரையில் இறக்கிவிட்டு, மீண்டும் தொடங்கினார்கள். ஹெல்மெட்டில் பனிக்கட்டி தொங்க வந்திறங்கியவர்களில் சிலர், இனி முடியாது என்று பேருந்திலேயே தங்கிவிட்டார்கள். டாம் பூனன் போன்ற பெரிய பெயர்களும் அதில் உண்டு. ஜெயித்தவர் தென்னாப்பிரிக்காவின் சிறிய அணியில் இருந்த ஜெர்மானியர் ஜெரால்ட் சியோலெக்.

அன்று எடுத்த புகைப்படங்களில்தான் வேடிக்கை இருக்கிறது. கஸ்தெல்லியோடு ஒப்பந்தமே இல்லாத அணிகளின் வீரர்கள் பலர் கறுப்பு காபா சட்டை போட்டிருந்தார்கள். வேறு நிறுவனத்திடம் சட்டைக்குப் பணம் வாங்கும் அணி இதைப் போடக்கூடாது. அதனால் நெஞ்சில் இருந்த கஸ்தெல்லியின் தேள் சின்னத்தை மார்க்கர் பேனாவால் அழித்திருந்தார்கள்! இலவசமாக மூட்டை மூட்டையாகச் சட்டை கிடைக்கும் தொழில்முறை வீரன், தன் அணிக்குப் பணம் கொடுப்பவரின் சட்டையை ஒதுக்கிவிட்டு, போட்டி நிறுவனத்தின் சட்டையைத் தேடிப் பிடித்து மறைத்துப் போட்டுக்கொள்கிறான் என்றால், எந்த விளம்பரம் இதற்கு ஈடாகும்? அதற்குப்பின் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் தங்கள் தங்கள் 'காபா'வைக் கொண்டுவந்தன. கடையில் வாங்கும் சாதாரண ஆளுக்கு ஒன்று நூறு யூரோவுக்கு மேல்.

இவ்வளவு விலை ஏன்? துணி மட்டும் காரணமல்ல. சைக்கிளில் குனிந்து உட்காருகிறவனுக்கு முதுகு நீளமாக, முன்பக்கம் குட்டையாக வெட்ட வேண்டும். நின்றுகொண்டு போட்டுப் பார்த்தால் விகாரமாக இருக்கும். ஊசி போன ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் நுழையும், அதனால் உண்மையான மழைச்சட்டையில் தையலுக்கெல்லாம் உள்ளே நாடா ஒட்ட வேண்டும். விற்கும் எண்ணிக்கையோ குறைவு. இவையெல்லாம் நியாயமான காரணங்கள். நியாயமில்லாத காரணமும் உண்டு: விலை அதிகமாக இருப்பதாலேயே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2004இல் லண்டனில் தொடங்கிய ராஃபா நிறுவனம், எல்லோரும் செயற்கை நூலுக்குப் போன பிறகு, பழைய மெரினோ கம்பளியைத் திரும்பக் கொண்டுவந்து பந்தய வரலாற்றின் வாசனையோடு உயர்ந்த விலைக்கு விற்றது. கோலும் இனோவும் வேறு வழியில்லாமல் பட்ட அவதி, வார இறுதியில் சைக்கிள் விடும் வங்கி அதிகாரிக்கு அழகான கதை. 2017இல் அந்த நிறுவனத்தை வாங்கியவர்கள் வால்மார்ட் குடும்பத்தினர். மளிகைக் கடைக்கும் சைக்கிளுக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் இருக்கிறது போல :-)

சட்டை மாறியதோடு கௌரவமும் மெல்ல மாறிற்று. 2013 மே மாதம் காவியாவையும் ஸ்தெல்வியோவையும் ஒரே நாளில் கடக்க வேண்டிய ஜிரோ கட்டம் பனியால் முழுதாக ரத்து செய்யப்பட்டது. 1988ஐப் பார்த்தவர்களில் சிலர் இக்காலத்துப் பிள்ளைகள் மெழுகுப் பொம்மைகள் என்று முணுமுணுத்தார்கள். 2016இல் சர்வதேச சைக்கிள் சங்கம், மோசமான வானிலையில் கூடிப் பேசி முடிவெடுக்க ஒரு நடைமுறையையே விதியாக்கியது. நாற்பது ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால் இனோவின் விரல்கள் பிழைத்திருக்கலாம்.

இப்போது அந்தத் துணிக்கே வேறு வகையில் சிக்கல் வந்திருக்கிறது. தண்ணீரை உருட்டிவிடும் பூச்சும், பாப் கோர் இழுத்த அந்தச் சவ்வும் பிஎஃப்ஏஎஸ் என்ற ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கார்பனும் ஃபுளோரினும் பிணைந்த அந்தப் பிணைப்பு அவ்வளவு உறுதி; அதனால்தான் மழைக்கு அசையாது, அதனால்தான் மண்ணிலும் தண்ணீரிலும் கலந்தால் மக்கவும் செய்யாது. அக்குடும்பத்தின் சில பொருள்கள் குடிநீரிலும் மனித ரத்தத்திலும் சேர்ந்திருப்பது தெரிந்தபின், கலிபோர்னியாவும் நியூயார்க்கும் 2025 ஜனவரி முதல் துணிகளில் இவற்றைத் தடை செய்தன. கடும் மழைக்கான உடுப்புகளுக்கு மட்டும் கலிபோர்னியா 2028 வரை தவணை கொடுத்திருக்கிறது. பிரான்சும் தடைச் சட்டம் இயற்றி, 2026 தொடக்கத்தை அதற்கு நாளாகக் குறித்தது. கோர் நிறுவனம் 2022 முதல் பாலிஎத்திலீனில் செய்த புதிய சவ்வைக் கொண்டுவந்திருக்கிறது. கடைப் பைக்குப் பயன்படும் அதே பாலிஎத்திலீன் குடும்பம்தான், நூலாம்படை போல் நீட்டியது. புதிய பூச்சுகள் தண்ணீரை உருட்டிவிடும், ஆனால் எண்ணெயையும் அழுக்கையும் பழையவை போல் தாங்குவதில்லை. ஆகவே சட்டையை முன்பைவிட அடிக்கடி துவைக்க வேண்டும் என்று விற்பவர்களே சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள்.